செத்தவீட்டுக் குரலும் இரண்டாவது அல்பமும்

என் குரலைக் கேட்டால் யாரோ செத்துப் போனார்கள் என்று தீவுப்பகுதிச் சனம் நினைக்கத் தொடங்கியது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியவந்த நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியர் காய்ச்சலோடு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாலு தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி என்னைக் கண்டதும் எழும்பி வந்து வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ரீச்சர், இவருக்கு ஒண்டுமில்லை, வெறும் காய்ச்சல்தான். நீங்கள் ஏன் மினக்கெட்டு வந்தனீங்கள்?"

தோடம்பழத்தை வாங்கிக்கொண்டாள். என்னை உள்ளே விடவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மனிசன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு முழுசிக்கொண்டு கிடந்தார். நோயாளியைப் பார்க்கப் போய் நோயாளியைப் பயப்படுத்திய ஆள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். இதைப் பிறகு எத்தனையோ பேருக்குப் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். அதற்கு முன், பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்தில் ஒரு பொப் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே கிற்றாரும் டிரம்ஸும் வைத்து எங்கள் சொந்தப் பாட்டுகளையும் நுழைத்துவிடுவோம். ஓர் ஒலிநாடாவும் வந்தது. பிறகு சண்டை, ஓட்டம், இடப்பெயர்வு. குழுவில் இருந்த ஐந்து பேரும் ஐந்து திசைக்குப் போனோம். அதற்குப் பிறகு நான் பாடவும் இல்லை, கலியாணம் கட்டவும் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் ஊர் இரண்டையும் சேர்த்தே கதைக்கும்.

ஓய்வு எடுத்த வருடம் எங்கள் குழுவில் கிற்றார் வாசித்தவன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஊர்காவற்றுறையில் பூட்டிக் கிடந்த தகப்பனின் வீட்டைத் திறந்து, ஓர் அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, இதுதான் எங்கட ஸ்ரூடியோ என்றான். அந்த அறையில் ஆறு பாட்டுப் பாடினேன். அவன் அதை ஓர் அல்பமாக இணையத்தில் போட்டான். அதில் ஒரு பாட்டு, ஆட்கள் எல்லாம் போய்விட்ட ஒரு வீட்டின் வாசற்படலையைப் பற்றியது. 'படலை திறந்துதான் கிடக்குது, பார்த்து வா' என்று தொடங்கும். அது ஓடிய ஓட்டம் எங்களுக்கே விளங்கவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு நான் மறுபடியும் பாடகி ஆனேன். பஸ்ஸில் ஆட்கள் எழும்பி இடம் தந்தார்கள்.

அந்தப் பாட்டு எங்கே ஓடுகிறது என்று மெல்லத்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும். அதனால் செத்தவீடு என்றால் ஐயர் வருவதற்கு முன் கமராக்காரன் வந்துவிடுவான். வரமுடியாத பிள்ளைகள் அங்கேயிருந்து நேரடியாகப் பார்த்து அழுவார்கள். பிரேதம் எடுப்பதற்கு முன், செத்தவரின் சின்ன வயதுப் படம் தொடக்கம் கடைசிப் படம் வரை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு ஓர் அஞ்சலிக் காணொளி போடுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு பாட்டு வேண்டும். என் பாட்டு வாய்த்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, எங்கே யார் செத்தாலும் நான்தான் பாடினேன்.

முதலில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது. முன்பின் தெரியாத பெண்கள் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு நீங்கள்தான் பாடினனீங்கள் ரீச்சர்" என்று விம்முவார்கள். நானும் சேர்ந்து அழுதேன். ஆனால் அதே பெண்கள் தங்கள் பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு என்னைக் கூப்பிட மறந்துபோனார்கள். ஒரு புதுமனை புகுவிழாவில் ஒலிபெருக்கிக்காரன் தவறுதலாக என் பாட்டைப் போட்டுவிட்டான் என்று வீட்டுக்காரர் திரும்பவும் ஐயரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளிப்பித்தார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. வீட்டுக்கு வந்து கிற்றார்க்காரனுக்கு போன் எடுத்தேன்.

"இரண்டாவது அல்பம் செய்வம். எட்டுப் பாட்டு. ஒண்டிலயும் கண்ணீர் வரக்கூடாது."

"அக்கா, சனம் மற்றதையல்லோ எதிர்பார்க்குது."

"சனம் எதிர்பார்க்குதெண்டதுக்காக நான் காலம் முழுக்கச் செத்தவீட்டுப் பறையே?"

சரி என்றான். அவனுக்கு என்னோடு ஒத்துப்போய்ப் பழகிவிட்டது.

திரும்பி வருகிற பாடகிக்கு முதல் அல்பம் பெரிய கஷ்டமில்லை. ஒரு கணக்கு ரீச்சர் வயதுபோன காலத்தில் ரொக் பாடுகிறாளாம் என்ற புதினத்துக்கே கேட்பார்கள். இரண்டாவதற்கு அந்தப் புதினம் கிடையாது. குரல் ஒன்றுதான் மிச்சம். என் குரலோ முதல் அல்பத்துக்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தில் கீழே இறங்கியிருந்தது. உயரத்தில் நிற்கவேண்டிய இடத்தில் காற்றுப்போன சைக்கிள் ரியூப் மாதிரி ஒரு சத்தம் வரும். அவன் எனக்குச் சொல்லாமலே சுருதியை ஒரு படி குறைத்து வாசித்தான். கண்டுபிடித்ததும் வந்த கோபத்தில் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தேன். பிறகு குறைத்த சுருதியிலேயே பாடினேன். சோளகக் காற்றுத் தொடங்கிய காலம் அது. காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும். ஒரு வரி பாடுவோம், காற்று ஓயும்வரை இருப்போம், அடுத்த வரி பாடுவோம். அப்படியே நாலு மாதம் போனது.

அந்த எட்டில் ஒரு பாட்டுக்காகத்தான் மற்ற ஏழையும் பாடினேன் என்று இப்போது நினைக்கிறேன். என் தங்கை இறுப்பிட்டியில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு நாலு வயதில் தகப்பன் தவறிவிட்டார், அன்றிலிருந்து அவள் பாதி நாள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். எனக்குப் பிள்ளை என்று இருந்தது அவள்தான். அவளுக்குக் கனடாவில் இருந்து ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. அவளுடைய கலியாணத்தில் நான் நின்று பாட ஒரு பாட்டு எழுதினேன். மணவறைக்கு அவசரப்படுகிற மாப்பிள்ளையைத் தோழிப் பெண்கள் பகிடி பண்ணி மறிக்கிற பாட்டு.

'கொஞ்சம் நில்லும் மாப்பிள்ளை, கொண்டை இன்னும் நிக்கேல்லை,
கூறைச் சேலை உடுத்தவள் கொசுவம் இன்னும் முடியேல்லை,
ஏனையா அவசரம், இவள் இன்னும் சிரிக்கேல்லை.'

நல்ல வேகமான தாளம். ஒலிப்பதிவு முடிந்த அன்று கிற்றார்க்காரன், "அக்கா, இது எடுபடும்" என்றான். அவன் வாயிலிருந்து லேசில் அப்படி வராது. என் குரலைச் செத்தவீட்டிலிருந்து வெளியே கொண்டுவரப்போகிற பாட்டு இதுதான் என்று நான் நம்பினேன். கலியாணவீட்டில் ஒருமுறை பாடிவிட்டால் போதும், அந்தக் காணொளியைப் பார்த்து மற்றக் கலியாணவீடுகளும் கூப்பிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு ரீச்சரின் கணக்கு.

கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் தங்கை வீட்டுக்கு வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

"அக்கா, நீ முன்னுக்கு வந்து நில். மணவறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாறதும் நீதான். பாடுறதை மட்டும் விடு."

"ஏன்?"

"மாப்பிள்ளையின்ர தாய் போன வருசம் செத்தவ. அந்தச் செத்தவீட்டில உன்ர பாட்டுத்தான் போட்டதாம். அந்தாளுக்கு உன்ர குரல் கேட்டா தாய் கிடந்த பெட்டிதான் கண்ணுக்கு முன்னால வருமாம்."

மாப்பிள்ளையை ஏச எனக்கு வாய் வரவில்லை. தாய்க்கு அழுகிற பிள்ளையை என்ன சொல்வது? எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "பிள்ளை என்ன சொல்லுறாள்?" என்று கேட்டேன். தங்கை படலைப் பக்கம் பார்த்தாள். அப்போதுதான் கண்டேன், என் பிள்ளை ஸ்கூட்டியில் இருந்தபடி வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. கையில் போனை வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "அவள் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் தங்கை. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

கலியாணத்துக்குப் போனேன். முன்னுக்கு நின்றேன். மணவறைக்கு அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாயைத் திறக்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

அடுத்த மாதம் அல்பம் வெளிவந்தது. ஊர்காவற்றுறையில் ஒரு மண்டபம் எடுத்து வெளியீடு வைத்தோம். சனம் வந்தது, நிறையவே வந்தது. முதல் மூன்று பாட்டுக்கும் மரியாதையாகக் கை தட்டினார்கள். நாலாவதுக்கு முன் பின்வரிசையில் ஒருவர் எழும்பி, "ரீச்சர், அந்தப் படலைப் பாட்டு" என்றார். இல்லை, இன்றைக்குப் புதுப்பாட்டுகள் மட்டும்தான் என்றேன். நான் சொல்லி வாய்மூடவில்லை, ஒரு பெண் இருந்த இடத்திலேயே அதைப் பாடத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். மண்டபம் முழுக்கப் பாடியது. பாடிக்கொண்டே அழுதார்கள். மேடையில் ஒலிவாங்கியோடு நான் சும்மா நின்றேன். என் பாட்டை என் முன்னாலேயே பாடுகிறார்கள், அதை நிற்பாட்ட எனக்கு வழி தெரியவில்லை.

"இது செத்தவீடு இல்லை. அழுறதெண்டா எழும்பி வீட்டை போங்கோ!"

வகுப்பில் கத்துகிற குரலில் கத்திவிட்டேன். மண்டபம் சட்டென்று அடங்கிப்போனது. முதல் வரிசையில் இருந்த ஒரு வயதான மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்னபடியே எழும்பிப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் போனார்கள். கிற்றார்க்காரன் ஒலிவாங்கியை வாங்கி மன்னிப்புக் கேட்டான். அவர்கள் என் பாட்டைத் தங்கள் செத்துப்போனவர்களுக்காக வைத்திருந்தார்கள், நான் அந்தச் செத்துப்போனவர்களைத் திட்டியது போலாகிவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரீச்சருக்குத் தலைக்கனம் என்று ஊர் முடிவு கட்டியது. இரண்டாவது அல்பத்தை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. கேட்ட சிலரும், 'நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய மாதிரி இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். என் பிள்ளை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் காலையில் எழும்புவதும் கோழிக்குத் தீன் போடுவதும் பின்னேரம் ஜெட்டிவரை நடந்துவிட்டு வருவதுமாக ஒரு வருடம் போயிற்று. கிற்றார்க்காரன் வந்தால் வேறு கதை கதைப்போம்.

ஒரு காலைப்பொழுது நெடுந்தீவிலிருந்து ஒரு போன் வந்தது. பெண்குரல். மகள் செத்துப் போய்விட்டாள் என்று தொடங்கியது. இருபத்தாறு வயதாம். இரத்தத்தில் ஏதோ வருத்தம், மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. நாளை எடுக்கிறார்களாம். நான் வந்து பாட வேண்டுமாம். செத்தவீடுகளுக்கு நேரே வந்து பாடச் சொல்லி அதற்கு முன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் எங்கும் போனதில்லை.

"நான் செத்தவீடுகளில பாடுறேல்லை அம்மா. படலைப் பாட்டு இணையத்தில கிடக்கு, எடுத்துப் போடுங்கோ."

"அது வேண்டாம் ரீச்சர். கொண்டை நிக்கேல்லை எண்டு ஒரு பாட்டு. அதைத்தான் கேக்கிறன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைசியில் அதையும் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார்கள். "அது கலியாணப் பாட்டு. அதை இதுக்கு எடுக்காதையுங்கோ" என்று பட்டென்று சொன்னேன். செத்தவீட்டுக்காரியோடு அப்படிக் கதைத்தது நான்தான். அவள் கோபிக்கவில்லை.

"ஓம் ரீச்சர், கலியாணப் பாட்டுத்தான். பிள்ளைக்கு வாற மாசம் நாள் வைச்சிருந்தது. அந்தப் பாட்டைத்தான் போடோணும் எண்டு சொல்லிச் சொல்லி, ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவள். நாங்கள் அவளைக் கூறை உடுத்தித்தான் அனுப்பப் போறம். அவளுக்கு வேற கலியாணம் இல்லையே, ரீச்சர்."

கலியாணம் ஆகாமல் போகிற இளம் பிள்ளைகளைக் கலியாணக் கோலத்தில் அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கம். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். இரண்டாவது அல்பத்திலிருந்து தன் கலியாணத்துக்கு ஒரு பாட்டைத் தெரிவு செய்த ஒரே ஒரு பிள்ளை இந்தத் தீவுகளில் இருந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மறுநாள் கிற்றார்க்காரனும் நானும் குறிகட்டுவான் ஜெட்டியில் முதல் படகு எடுத்தோம். கடல் அடித்தது. அவன் கிற்றாரை ஒரு பொலித்தீன் பையால் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

பவளக்கல் மதில் போட்ட சின்ன வளவு. பந்தலுக்குள் பெட்டி வைத்திருந்தது. அவளுக்குச் சிவப்புக் கூறை உடுத்தி, மாலை போட்டு, நெற்றிச்சுட்டி வைத்திருந்தார்கள். வருத்தத்துக்குக் குடுத்த மருந்தில் தலைமயிர் கொட்டியிருந்ததால் கடையில் வாங்கிய பொய்க்கொண்டையை ஊசி குத்தி நிறுத்தியிருந்தார்கள். அதைக் கண்டதும் பாட்டின் முதல் வரியை எப்படிப் பாடப் போகிறேன் என்று நினைத்தேன். தாய் என்னைக் கண்டு எழும்பி வந்து, மகளின் காதுக்கருகில் குனிந்து, "பிள்ளை, ரீச்சர் வந்திட்டா" என்றாள்.

கிற்றார்க்காரன் தொடங்கினான். இடத்துக்கு ஏற்ற மாதிரி மெதுவாகத் தொடங்கினான். நான் அவன் பக்கம் திரும்பி, "வேகத்தைக் குறைக்காதை. கலியாணவீட்டுக்கு வாசிக்கிற மாதிரி வாசி" என்றேன். அவன் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினான். பாடினேன். ஸ்ரூடியோவில் வராத உயரமெல்லாம் அன்றைக்கு வந்தது. பந்தலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மதிலோடு வெள்ளைச் சேர்ட்டுப் போட்ட ஒரு பெடியன் சாய்ந்து நின்றான். யார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 'கொஞ்சம் நில்லும் மாப்பிள்ளை' என்ற இடத்தில் அவன் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளுடைய கலியாணம் பாதியில் நின்றுபோகும் என்று எனக்குத் தோன்றியது. கடைசி வரிக்கு, 'இவள் இன்னும் சிரிக்கேல்லை' என்பதற்கு, தாயும் என்னோடு சேர்ந்து பாடினாள். அவளுக்கு முழுப் பாட்டும் மனப்பாடம்.

அங்கும் கமராக்காரன் நின்றான். அது எனக்கு நினைவே இருக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் அந்தக் காணொளி எல்லா இடமும் போய்விட்டது. கலியாணமாகாத பிள்ளை செத்த வீடுகளில் இப்போது அந்தப் பாட்டைத்தான் போடுகிறார்கள். இரண்டாவது அல்பம் எடுபட்டுவிட்டது என்று கிற்றார்க்காரன் சொன்னபோது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. களைப்பு மட்டும் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளை கனடாவிலிருந்து போன் எடுத்தாள். கொஞ்ச நேரம் அங்கத்தைய குளிரைப் பற்றிக் கதைத்தாள்.

"பெரியம்மா, அந்த வீடியோ பார்த்தனான். அது என்ர பாட்டல்லோ?"

"ஓம். உனக்கெண்டுதான் எழுதினது."

"அண்டைக்கு நான் உள்ளுக்கு வந்திருக்கோணும். வந்து, பெரியம்மா பாடட்டும் எண்டு சொல்லியிருக்கோணும்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்ப எனக்கு ஒருக்காப் பாடுங்கோவன். போனிலயே பாடுங்கோ."

அதைக் கேட்கத்தான் நான் அவ்வளவு காலமும் காத்திருந்தேன். மறுக்க எனக்கு மனமில்லை, உண்மையாகவே வாயைத் திறந்தேன். முதல் வரியில் பாதி வந்தது. கொண்டை என்ற இடத்தில் அந்த ஊசிகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"ஏலாது பிள்ளை. அதை அவளுக்குக் குடுத்திட்டன். ஒருத்திக்கு உடுத்தி அனுப்பின கூறையைத் திருப்பி எடுக்கிறதில்லை."

அவள் அழுதாள். நான் போனை வைக்காமல், அவள் அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.